பக்கத்து எஸ்டேட் கோல்ஃப் ரிசார்ட் ஆகப் போகிறது: ஆட்சேபம் எழுதுவதா, விட்டுவிடுவதா?

கீழ்வானம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது தெற்கு இங்கிலாந்தில் ஒரு கிராமம். ஊரை ஒட்டி ஒரு பழைய எஸ்டேட். பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை, சுற்றிலும் 400 ஏக்கர் புல்வெளி, ஏரி, அங்கங்கே தனியாக நிற்கும் ஓக் மரங்கள். மாளிகை பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. பொது நடைபாதை ஒன்று நடுவே போவதால் தினமும் நாயோடு அந்த வழியாகத்தான் நடக்கிறேன்.

போன வாரம் நடைபாதைக் கதவில் மஞ்சள் தாள் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். திட்ட அனுமதி விண்ணப்பம். 18 துளை கோல்ஃப் மைதானம், மாளிகையில் 120 அறை ஹோட்டல், ஸ்பா, காட்டோரம் 60 விடுமுறை லாட்ஜ். கருத்துச் சொல்ல 21 நாள். அதில் ஆறு நாள் போய்விட்டது.

எனக்கு இரண்டு மனசு. மேற்குப் பக்கக் கூரையில் ஓட்டை விழுந்து புறா போய் வருவதை நானே பார்க்கிறேன். "யாராவது ஒருத்தன் சரி பண்ண வர்றானே, அதையும் கெடுக்கணுமா?" என்கிறார் வீட்டுக்காரர். அதுவும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் விண்ணப்பத்தோடு வந்த வரைபடத்தைத் திறந்தால் புல்வெளியையே காணோம். முழுக்க அவரைக்காய் வடிவத்தில் பச்சைத் திட்டுகள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எட்டாம்துளை

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: நான் கோல்ஃப் பைத்தியம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கோல்ஃப் வந்ததால் பிழைத்த எஸ்டேட்டுகள் நிறைய. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 'தி குரோவ்' ஒருகாலத்தில் கிளாரண்டன் பிரபுக்களின் வீடு. பிறகு ரயில்வேக்காரர்களின் பயிற்சி மையமாக இருந்து தேய்ந்து போனது. 2003ல் ஹோட்டலும் கோல்ஃபுமாகத் திறந்தார்கள். 2006ல் டைகர் உட்ஸ் அங்கே உலகப் போட்டி ஒன்றை ஜெயித்தார். உறுப்பினர் சந்தா எதுவும் இல்லை, காசு கட்டினால் யாரும் ஆடலாம். அயர்லாந்தின் அடேர் மேனர் 2015ல் கை மாறியது, மைதானத்தை டாம் ஃபாசியோ புதுசாகப் போட்டார், 2027 ரைடர் கோப்பை (ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் கோல்ஃப் போட்டி) அங்கேதான்.

நம்ம ஆட்களுக்குத் தெரிந்த உதாரணம் ஸ்டோக் பார்க். 2021ல் ரிலையன்ஸ் 5.7 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அங்கே கோல்ஃப் 1908லேயே வந்துவிட்டது, ஹாரி கோல்ட் வடிவமைத்தது. பூங்காவில் அந்தக் காலத்துப் பெரிய பூங்கா வடிவமைப்பாளர்கள் பிரவுன், ரெப்டன் இருவரும் கை வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கோல்ஃப் ஆடியும் அந்த இடம் ஒன்றும் அழிந்துவிடவில்லையே?

கல்தச்சன்

இருபது வருஷமாகப் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறவன். மாளிகையின் பக்கமிருந்து பேசுகிறேன்.

இந்த மாதிரி வீடு இடிந்து விழுந்து சாவதில்லை. இரண்டு கூரைச் சரிவும் சேரும் இடத்தில் ஈயத் தகடு போட்ட வடிகால் இருக்கும். அதில் இலை அடைக்கும், செத்த புறா அடைக்கும். தண்ணீர் தேங்கித் தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் நுனி நனையும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிக் காற்றோட்டமும் இல்லையென்றால் 'டிரை ராட்' பூஞ்சை பிடித்துக்கொள்ளும். அது செங்கல் சுவரைக்கூட ஊடுருவி அடுத்த மரத்தைத் தேடிப் போகும். ஒருமுறை இப்படிப் பூட்டிக் கிடந்த வீடொன்றில் பில்லியர்ட்ஸ் அறையைத் திறந்தோம். மேஜை முழுக்கத் துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய தூள். இரும்புத் தூசி என்று நினைத்து விரலால் கோடு போட்டேன். மேலே பார்த்தால் கூரை மூலையில் தோசை மாதிரி விரிந்த காளான். தூள் அதன் வித்து. அந்த அறையின் தரை, கதவுச் சட்டம், மாடிப்படி எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் பன்னிரண்டு வருஷம் பூட்டிய வீடு என்றதும் எனக்குப் பகீர் என்கிறது. கீழ்வானம், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹோட்டல் என்றால் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும், தினமும் ஜன்னல் திறக்கும். பழைய வீட்டுக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பழைய கூரையைப் பழுது பார்த்தால் 20 சதவீதம் வாட் வரி. புது வீடு கட்டினால் வாட் பூஜ்யம். 'லிஸ்டட்' கட்டடத்தில் (சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது) அனுமதி பெற்றுச் செய்த மாற்றங்களுக்கு இருந்த சலுகையும் 2012 அக்டோபரோடு போய்விட்டது. பழசைக் காப்பாற்று என்று வாயால் சொல்லும் அரசாங்கம் கையால் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது.

சும்மாஒருத்தன்

மன்னிக்கணும், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. இவை யாருடைய மாளிகைகள்? போல்டன் பக்கத்தில் ஹல்ட்டன் பார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் கோல்ஃப் திட்டம்தான். 1819ல் பீட்டர்லூவில், ஓட்டுரிமை கேட்டுக் கூடிய கூட்டத்தின் மேல் குதிரைப்படையை ஏவிய மாஜிஸ்திரேட்டுகளின் தலைவர் அந்த வீட்டு வில்லியம் ஹல்ட்டன். 1910 டிசம்பர் 21ல் ஹல்ட்டன் கொலியரி கம்பெனியின் பிரிட்டோரியா நிலக்கரிச் சுரங்கத்தில் 344 ஆண்களும் பையன்களும் வெடித்துச் செத்தார்கள். அந்தப் புல்வெளியின் அழகுக்கு நாம் ஏன் ஒப்பாரி வைக்கணும்?

சரி, பூங்காவாவது பழசா? டார்செட்டில் மில்டன் பிரபு தன் ஜன்னலிலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு சந்தை ஊரையே பெயர்த்துவிட்டு, 1780 வாக்கில் சற்றுத் தள்ளி மில்டன் ஆபஸ் என்ற புது கிராமத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தார். அந்த வேலையில் மேலே சொன்ன அதே 'கேபபிலிட்டி' பிரவுனும் உண்டு. அன்றைக்குப் பிரபு ஊரைத் தூக்கினார், இன்றைக்குக் கம்பெனி புல்லைத் தூக்குகிறது. ரீடெவலப்மெண்ட் மேல் ரீடெவலப்மெண்ட்.

எட்டாம்துளை

@சும்மாஒருத்தன் இந்த வாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது 😄

வரைபடக்காரி

நான் ஒரு கவுன்சிலின் திட்டப் பிரிவில் வேலை பார்த்தவள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

@சும்மாஒருத்தன், நீங்கள் சொன்ன கதை உண்மை. ஆனால் முடிவை அவசரமாக எடுத்துவிட்டீர்கள். பிரபு ஊரைக் காலி செய்தார், சரி. அப்புறம் அந்த இடத்தில் என்ன நடந்தது? ஆடும் மானும் மேய்ந்தன. இருநூறு, இருநூற்றைம்பது வருஷம் யாரும் ஏர் பூட்டவில்லை. வெளியே இருந்த வயல்களையெல்லாம் டிராக்டர் உழுது தட்டையாக்கிவிட்டது. பூங்காவுக்குள் மட்டும் பழைய குடியானவர்களின் உழவு வரப்பு, வீட்டு மேடு, ஊருக்குள் போன பள்ளத் தெரு எல்லாம் புல்லுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது போய் நின்று பாருங்கள். துணியில் மடிப்புத் தெரிகிற மாதிரி வரி வரியாகத் தெரியும். துரத்தப்பட்டவர்கள் விட்டுப்போனது அது ஒன்றுதான். மாளிகையில் அவர்களுக்கு ஒரு கல்கூடக் கிடையாது.

கோல்ஃப் மைதானம் போடும்போது முதலில் போவது அந்த மடிப்புகள். ஒப்பாரி வைக்கச் சொல்லவில்லை. யாருக்காக வைக்கிறோம் என்று மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

சும்மாஒருத்தன்

ம். இதை நான் யோசிக்கவில்லை.

பனையடியான்

நான் இஞ்ச இருபத்திரண்டு வருஷமா கிரீன்கீப்பர், கோல்ஃப் மைதானப் புல்லைப் பராமரிக்கிற வேலை. ரெண்டு மைதானம் புதுசாக் கட்டேக்க நிண்டனான். அதில ஒண்டு இப்பிடி ஒரு பழைய பார்க்குக்குள்ளதான். சனத்துக்குக் கோல்ஃப் எண்டா புல்லு வெட்டி ஒரு ஓட்டை போடுறது எண்டுதான் நினைப்பு. அதால ஒருக்கா விளக்கமாச் சொல்லுறன்.

கிரீன் எண்டா துளை இருக்கிற, ஒட்ட வெட்டின புல்லுத் தரை. ஒண்டு ஏறக்குறைய 500 சதுர மீற்றர். முதல்ல அந்த இடத்தைக் குடைஞ்சு எடுக்கோணும். அடியில வடிகால் குழாய், அஞ்சு மீற்றருக்கு ஒண்டு. அதுக்கு மேல பத்துச் சென்ரிமீற்றர் சரளைக்கல். அதுக்கும் மேல முப்பது சென்ரிமீற்றர் மணல் கலவை. அமெரிக்கன் முறை எண்டு சொல்லுறது. கணக்குப் பாருங்கோ: மணல் மட்டும் 150 கன மீற்றர், நிறையில 240 தொன் வரும். இருபது தொன் லொறி எண்டா பன்ரெண்டு. சரளைக்கு இன்னும் நாலு. ஒரு கிரீனுக்குப் பதினாறு லொறி, பதினெட்டுக் கிரீனுக்கு 288. இதுக்குள்ள பங்கர் எண்டுற மணல் குழிக்கான மணல், பக்கி வண்டிப் பாதை, பந்து அடிக்கத் தொடங்குற டீ மேடை ஒண்டும் சேரேல்ல. அவ்வளவு லொறியும் பார்க்குக்குள்ளதான் ஏறி இறங்கும். மழைக்காலத்தில அந்த மண் எப்பிடி இறுகும் எண்டு நான் கண்ணால கண்டனான். மண்வெட்டி போட்டா ணங் எண்டு சத்தம் கேக்கும்.

இன்னொரு விசயம். ஆடு மேயிற பழம் புல்வெளிக்கு உரம் போட்டிருக்க மாட்டினம். ஐப்பசி, கார்த்திகையில அதில சின்னச் சின்னக் காளான் வரும். சிவப்பு, மஞ்சள், பச்சை, மெழுகு பூசின மாதிரி மினுங்கும். வாக்ஸ்காப் எண்டு பேர். கோல்ஃப் புல்லுக்கு எண்டு நைதரசன் போடத் தொடங்கினா அது போச்சு. நாங்கள் கட்டின இடத்திலயும் முதல் வருஷம் ஓரத்தில கொஞ்சம் கண்டன். பிறகு காணேல்ல.

நான் என்ர வேலையைக் குறை சொல்லேல்ல. அதுதான் எனக்குச் சோறு போட்டது. விடிய அஞ்சரைக்கு, பனி விழுந்த கிரீனில முதல் வெட்டு வெட்டிக்கொண்டு போகேக்க வாற சந்தோசம் உங்களுக்குத் தெரியாது.

கீழ்வானம்

அண்ணா, இது புதுச் செய்தி. விண்ணப்பத்தில் "மண் இறக்குமதி" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. எதற்கு வெளியிலிருந்து மண்?

பனையடியான்

ஆ, அதைத்தான் வடிவாப் பாக்கோணும் தங்கச்சி. 1996இல குப்பைக்கிடங்கு வரி வந்தது. கட்டட வேலையில வாற மண்ணைக் கொட்ட இடம் தேடித் திரியிறவை கனபேர். மேடு பள்ளம் உருவாக்குறம் எண்டு சொல்லி லொறிக்கு இவ்வளவு எண்டு காசு வாங்கிக்கொண்டு மண் எடுக்கிற மைதானங்கள் இருக்கு. எல்லாரும் அப்பிடி எண்டு சொல்ல வரேல்ல. ஆனா எத்தினை கன மீற்றர், எங்கயிருந்து, ஏன் உள்ளுக்கு இருக்கிற மண் காணாது எண்டு கட்டாயம் கேளுங்கோ. உள்ளுக்கை வெட்டி உள்ளுக்கையே நிரப்பினாச் சரிவரும் எண்டுற இடத்துக்கு ஆயிரக்கணக்கில லொறி வருதெண்டா அது வேற வியாபாரம்.

தண்ணியையும் கேளுங்கோ. நாளுக்கு 20 கன மீற்றருக்கு மேல ஆத்திலயோ நிலத்தடியிலயோ எடுக்கிறதெண்டா லைசன்ஸ் வேணும். ஏரியில இருந்து எடுக்கிற யோசனை எண்டா ஆடியில அந்த ஏரி எப்பிடி இருக்கும் எண்டும் கேளுங்கோ.

ஊர்க்குருவி

எல்லாரும் மண், காளான்னு பேசுறீங்க. நான் இதே மாதிரி ஒரு கிராமத்துல வளர்ந்த பொண்ணு. ஸ்கூல் முடிச்ச என் செட்டுல ஊர்ல மிச்சம் இருக்கறது ரெண்டு பேரு. 120 அறை ஹோட்டல்னா சமையல்கட்டு, ரிசப்ஷன், தோட்டம், ஸ்பான்னு வருஷம் முழுக்க ஆள் வேணும். பஸ்ஸே ஒருவேளை திரும்ப வரலாம். மடிப்பு வரப்பைக் காப்பாத்தினா எனக்கு வேலை கிடைக்குமா?

எட்டாம்துளை

இதைத்தான் சொல்ல வந்தேன். நன்றி ஊர்க்குருவி.

சும்மாஒருத்தன்

வேலை வாக்குறுதியா? ஸ்காட்லாந்தில் ட்ரம்ப் வாங்கிய மெனி எஸ்டேட் கதை தெரியாதா? அபர்டீன்ஷயர் கவுன்சில் கமிட்டி 2007ல் முடியாது என்றது. 2008ல் ஸ்காட்டிஷ் அரசு தேசிய பொருளாதார நலன் என்று சொல்லி அனுமதித்தது. காகிதத்தில் இருந்தது 450 அறை ஹோட்டல், 950 விடுமுறை வீடு, 500 குடியிருப்பு வீடு, ஆயிரக்கணக்கில் வேலை. 2012ல் கோல்ஃப் மைதானம் திறந்தது. அந்த 450 அறை ஹோட்டல் எழவே இல்லை. இருந்த பழைய மாளிகையில் சில அறைகள்தான். ஆனால் மணல்மேட்டின் மேல் மைதானம் போட்டது நடந்தது. காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கும் மணல்மேடு அது, அதற்காகவே அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடம் என்று பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. நகராமல் புல் வைத்துக் கட்டிப்போட்டார்கள். காப்பாற்ற இனி எதுவும் மிச்சமில்லை என்று 2020ல் அந்தப் பகுதியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ட்ரம்ப் ஆள் எப்படிப்பட்டவர் என்றால்

நெறியாளர்

அந்த வாக்கியத்தை நானே பாதியில் வெட்டினேன். அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே மண்ணும் புல்லும் மட்டும்.

ஊர்க்குருவி

சரி, அங்க ஹோட்டல் கட்டல. இங்கயும் கட்டமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?

வரைபடக்காரி

நிச்சயம் கிடையாதும்மா. நான் இந்த இழையில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பேசப் போகிறேன்: எது முதலில், எது பிறகு.

கோல்ஃப் வேண்டுமா வேண்டாமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும். நூறு கடிதம் வரும், எல்லாம் "அழகு கெடும்", "டிராஃபிக்" என்றே இருக்கும். அதிகாரி படித்துக் கட்டி வைத்துவிடுவார். கையெழுத்தாகும் நிபந்தனைப் பட்டியலில் வரிசை என்ன என்பதை யாரும் கேட்பதில்லை. மாளிகைக் கூரையைப் பழுது பார்ப்பது கடைசிக் கட்டத்தில் இருந்தால், மைதானம் திறந்து, லாட்ஜ் விற்று, கம்பெனி கை மாறி, கடைசியில் "நஷ்டம், பழுது பார்க்கப் பணமில்லை" என்ற கடிதம் வரும். அப்போது மாளிகையும் போச்சு, பூங்காவும் போச்சு. கூரை முதல் கட்டத்தில் இருந்து, அது முடிந்து ஆய்வு ஆகும்வரை ஒரு லாட்ஜ்கூடக் குடியேற முடியாது என்று இருந்தால் கதையே வேறு. இதற்கென்றே 1990 நகர, கிராமத் திட்டச் சட்டத்தின் 106வது பிரிவு ஒப்பந்தம் இருக்கிறது. நிலத்தோடு ஒட்டிய கடமை அது, கம்பெனி மாறினாலும் புது உரிமையாளர் தலையில் விழும்.

ஹல்ட்டன் பார்க்கில் 2020ல் அமைச்சர் மட்டத்தில் ஒப்புதல் கொடுத்தபோது, 1,036 வீட்டையும் ரைடர் கோப்பையோடு முடிச்சுப் போட்டார்கள். கோப்பை கிடைக்காவிட்டால் வீடும் கிடையாது. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை. அங்கே மாளிகை 1958லேயே இடிக்கப்பட்டுவிட்டது, மிச்சம் பூங்கா மட்டும். ஆனால் முடிச்சுப் போட முடியும் என்பதற்கு அது சாட்சி.

கல்தச்சன்

அக்கா சொல்வதற்குக் கீழே என் கையெழுத்தும். கூரை, வடிகால், டிரை ராட். இந்த மூன்றும் முதல் ஆறு மாதத்தில். ஸ்பா ஓடுகள் எல்லாம் அப்புறம்.

ஆனால் ஹோட்டல் என்றால் மாளிகைக்கு எல்லாமே நல்லது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 120 அறை என்றால் 120 குளியலறை. ஒவ்வொன்றுக்கும் கழிவுக் குழாய் எந்தத் தரை வழியாக இறங்கும்? நூற்றாண்டுப் பலகையை வெட்டியா? லிஃப்ட் எங்கே? பதினெட்டாம் நூற்றாண்டுக் கதவைத் தீ தாங்கும் கதவாக மாற்றச் சொல்வார்கள். அறை எண்ணிக்கையில் பாதியைப் புதுக் கட்டடத்துக்குத் தள்ளினால் மாளிகை மூச்சு விடும்; ஆனால் அந்தப் புதுக் கட்டடம் எங்கே நிற்கும் என்ற கேள்வி வரும்.

எட்டாம்துளை

கோல்ஃப்காரனாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 1908ல் கோல்ட் போட்டது வேறு, இப்போது போடுவது வேறு. அன்றைக்குப் புல்டோசர் இல்லை, மண்ணின் போக்குக்குத் துளை வளைந்தது. இன்றைக்குப் பந்து பறக்கும் தூரத்துக்கு 7,000 கெஜத்துக்குக் குறைந்தால் "சாம்பியன்ஷிப்" என்று விளம்பரம் போட முடியாது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை லாரி. ஒன்பது துளை, இருக்கும் மேட்டிலேயே, குறைந்த தண்ணீர் என்று யாராவது போட்டால் நான் முதல் ஆளாகக் காசு கட்டுவேன். ஆனால் அதை நம்பி வங்கி கடன் கொடுக்காது.

இதிலும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1989ல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் 'ஆர் அண்ட் ஏ' அமைப்பு ஓர் அறிக்கை விட்டது: 2000க்குள் இன்னும் 700 மைதானம் தேவை என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் போட்டார்கள். 90களின் தொடக்கத்தில் மந்தம் வந்ததும் வரிசையாக விழுந்தார்கள்.

கீழ்வானம்

விண்ணப்பத்திலும் "கோல்ஃப் தேவை ஆய்வு" என்று நாற்பது பக்கம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே மைதானம் நிறைய இருக்கிறது, தேவையே இல்லை என்று எழுதினால் நிற்குமா?

வரைபடக்காரி

அதை மட்டும் நம்பிப் போகாதே. சர்ரேயில் செர்க்லி கோர்ட் என்று ஒரு மாளிகை, பீவர்புரூக் பிரபு இருந்த வீடு. கோல்ஃபும் ஹோட்டலும் என்று விண்ணப்பம் வந்தது. அதிகாரிகள் வேண்டாம் என்று எழுதியும் மோல் வேலி கவுன்சில் 2012ல் அனுமதி கொடுத்தது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2013ல் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. சில பணக்காரர்கள் ஆட ஆசைப்படுவதும் பொதுமக்களுக்குத் தேவை இருப்பதும் ஒன்றல்ல என்கிற போக்கில் தீர்ப்பு போனது. ஊரே கொண்டாடியது. 2014 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. 'தேவையை நிரூபிக்க வேண்டும்' என்ற வரி கொள்கையில் இல்லை, அதன் விளக்கக் குறிப்பில்தான் இருக்கிறது. விளக்கக் குறிப்பு கொள்கை ஆகாது என்று. இன்றைக்கு அங்கே ஹோட்டலும் மைதானமும் ஜாம் ஜாம் என்று நடக்கின்றன.

ஒரு வார்த்தை எந்தப் பத்தியில் அச்சாகியிருக்கிறது என்பதில் போன வழக்கு அது. அதனால் 'தேவை' என்று எழுதுமுன் உங்கள் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தைத் திறந்து, அந்த வார்த்தை கொள்கைக்குள் இருக்கிறதா, கீழே விளக்கத்தில் இருக்கிறதா பார்.

அடுத்து, பூங்கா வரலாற்றுப் பூங்காக்களின் தேசியப் பதிவேட்டில் இருக்கிறதா? 1983 தேசியப் பாரம்பரியச் சட்டத்துக்குப் பிறகு வந்த பதிவேடு. கிரேடு ஒன்று, இரண்டு நட்சத்திரம், இரண்டு என்று மூன்று தரம். இங்கிலாந்தில் சுமார் 1,700 இடங்கள் அதில் உண்டு. லிஸ்டட் கட்டடத்துக்கு இருக்கிற மாதிரித் தனி அனுமதி முறை பூங்காவுக்குக் கிடையாது. ஆனால் கவுன்சில் அதைக் கணக்கில் எடுத்தே ஆகணும், பழைய பூங்காக்களுக்கான அமைப்பான கார்டன்ஸ் ட்ரஸ்டைக் கலந்தாலோசித்தே ஆகணும். விண்ணப்பக்காரர் "கணிசத்துக்குக் குறைந்த பாதிப்பு" என்று எழுதியிருப்பார். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். அது சின்னப் பாதிப்பு என்று அர்த்தமில்லை. கணிசமான பாதிப்பு என்ற உச்சத்தைத் தொடாதது எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான் விழும்.

கீழ்வானம்

கிரேடு இரண்டில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். நடைபாதையையும் மாற்றப் போகிறார்களாம். இப்போது ஏரிக்கரையோடு போவது இனி வேலியோரம், சாலைச் சத்தத்தில்.

வரைபடக்காரி

அதற்கு அதே 1990 சட்டத்தின் 257வது பிரிவில் தனி உத்தரவு வேண்டும். ஆட்சேபம் சொல்லத் தனி வாய்ப்பு வரும். இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பாதே.

ஊர்க்குருவி

அக்கா, நான் ஆதரவுதான் எழுதப் போறேன். ஆனா நீங்க சொன்ன வரிசை நிபந்தனைய அதுலயும் போடலாம்ல? கூரை முதல்ல, ஹோட்டல் முதல்ல, லாட்ஜ் பிறகு. ஹோட்டல் முன்னாடி வந்தாத்தானே எனக்கும் வேலை.

வரைபடக்காரி

தாராளமாக. ஆதரவுக் கடிதத்தில் நிபந்தனை கேட்டால் அதிகாரி இரண்டு முறை படிப்பார்.

பனையடியான்

மரத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. வரைபடத்தில பங்கர், டீ எல்லாம் எந்த ஓக்குக்குக் கிட்ட வருது எண்டு பாருங்கோ. கிழ மரத்துக்கு அடிமரக் குறுக்களவில பதினைஞ்சு மடங்கு ஆரத்துக்குள்ள கை வைக்கக் கூடாது எண்டுதான் அரச ஆலோசனை சொல்லுது. சாதாரண மரத்துக்குப் பன்ரெண்டு மடங்கு. அதால சில பேர் கிழ மரத்தையும் சாதாரண மரம் எண்டு விண்ணப்பத்து மர அட்டவணையில எழுதிப்போடுவினம்.

கீழ்வானம்

இன்று காலை போய் வந்தேன்.

ஏழாம் துளை வருகிற இடத்தில், நடைபாதையை ஒட்டினாற்போல ஒரு ஓக் தனியாக நிற்கிறது. நடுவில் குடைந்த பொந்து, ஒரு கிளை முழுக்கப் பட்டுப் போனது, பட்டையில் விரல் போகிற அளவு வெடிப்பு. வீட்டில் இருந்தது தையல் டேப்தான், ஒன்றரை மீட்டர். நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்றினேன். மூன்று முழு டேப், அதற்கு மேல் இருபது சென்டிமீட்டர். சுற்றளவு 4.70. குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். பதினைந்து மடங்கு என்றால் 22 மீட்டருக்கு மேல்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பங்கரின் விளிம்பு மரத்திலிருந்து 14 மீட்டர். மர அட்டவணையில் இந்த மரத்துக்கு எதிரே "முதிர்ந்தது, நடுத்தரம்" என்று இருக்கிறது. குறுக்களவு 1.1 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள்.

சரி என்று பக்கத்தில் இருந்த இன்னும் மூன்றையும் அளந்தேன். இரண்டு சரியாக இருக்கிறது. ஒன்று இதே மாதிரிக் குறைத்திருக்கிறது.

பனையடியான்

1.1 எண்டாப் பன்ரெண்டு மடங்கு 13.2 மீற்றர். பங்கர் 14இல. விளங்குதே தங்கச்சி, எந்த இலக்கத்துக்கு எந்த இலக்கம் எண்டு?

கீழ்வானம்

விளங்குது அண்ணா.

வரைபடக்காரி

குற்றம் சாட்டுகிற மாதிரி ஒரு வார்த்தையும் எழுதாதே. அளவை மட்டும் எழுது. அட்டவணையில் மரத்துக்கு என்ன எண் கொடுத்திருக்கிறார்களோ அதே எண். நான்கு மரத்தையும் எழுது, சரியாக இருந்த இரண்டையும் சேர்த்து. கவுன்சிலின் மர அதிகாரி நேரில் வந்து அளக்க வேண்டும் என்று ஒரு வரி. போட்டோவில் டேப்பின் எண் தெரியட்டும்.

இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

கீழ்வானம்

ஒன்பது. டேப் எண் சரியாகத் தெரியவில்லை, வெயில் பட்டு வெளுத்துவிட்டது. நாளைக்கு மறுபடியும் போகிறேன். வீட்டுக்காரரும் வருகிறாராம், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க.